நாலு டிராயரும் கழட்டி துடைத்தேன்

லினக்ஸ் சர்வரில் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, கெட்டுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், முதலில் அதைப் பயன்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவதாக, டிஸ்க்கில் இருப்பதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். மூன்றாவதாக, பழுது எங்கே என்று பார்க்க மட்டும் வேண்டும். கை வைக்கக் கூடாது. பழுது நீக்குவது நான்காவதாகத்தான். எங்கள் துறையின் கணினிப் பராமரிப்புக் கையேட்டில் இது பதினொன்றாம் விதி. நல்ல விதி. எழுதியவன் நான்.

முதலில் மீறியவனும் நான்தான். இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கட்டளைகளை நான் எழுதப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாதவை இணையத்தில் இருக்கின்றன. இரண்டிலும் இல்லாதது ஒன்றுதான்: எல்லா விதியும் தெரிந்த ஒருவன் எப்படி முட்டாளாகிறான் என்பது. அந்த நிகழ்ச்சியை மிக அருகிலிருந்து பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

பணியின் கடைசி வருடங்களைப் பெரம்பலூர் அலுவலகத்தில் கழித்தேன். அரியலூரும் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது. இரண்டு மாவட்டங்களின் கிராம வரைபடங்கள், வயல் படங்கள், ஸ்கேன் செய்த பழைய கடிதங்கள் எல்லாம் ஒரே சர்வரில் கிடந்தன. அது தள்ளாடத் தொடங்கியதும் புதியது ஒன்று வாங்கினோம். அதன் முன்பக்கத்தில் நான்கு டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கைப்பிடி. ஒரு டிஸ்க் கெட்டால் சர்வரை நிறுத்தாமலே உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். மற்ற மூன்றும் கூடிப் பேசி, போனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்துப் புதியதில் எழுதிவிடும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இரண்டாவது டிஸ்க் ஒன்று போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

பொருத்த வந்த கம்பெனி ஆள், “ஒரே நேரத்துல ரெண்டு போறதுக்கு வாய்ப்பே இல்ல சார்” என்றார். அவர் பெரம்பலூருக்குப் புதிது.

பொருத்தி, பழைய கோப்புகளை மாற்றி முடிக்க இரண்டு வாரம் ஆனது. பழைய சர்வரைக் கம்பெனி ஆள் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது வாரம் பயன்பாட்டுக்கு விட்டோம். நான்காவது வாரத் திங்கட்கிழமை காலை தா.பழூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வரைபடத்தைத் திறந்தால் பாதிக் கிராமம்தான் வந்தது. ஏரி இருந்தது. ஏரிக்கரையோடு ஊர் முடிந்துவிட்டது.

பதினொன்றாம் விதி என் நினைவில் இருந்தது. ஆனால் அது திங்கட்கிழமை. வெளியே மனுவோடு ஆட்கள் நின்றார்கள். எங்கள் அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒருவர் பின்னால் நிற்கும்போது கையேட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாக மனதிலிருந்து கழன்று விழும். உங்களுக்கும் ஒருநாள் விழும். பிரதி எடுக்க ஓர் இரவு முழுவதும் வேண்டும். பழுது நீக்கப் பத்து நிமிடம் போதும். நான் பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பழுது நீக்கும் கட்டளை ஒவ்வொரு பழுதிலும் நின்று, சரிசெய்யட்டுமா என்று கேட்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். முப்பது வருடம் அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு அது கைபழகிய எழுத்து. சேர்த்தேன்.

அந்தக் கட்டளை, எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளைத் தனியாக ஓர் அடைவில், அதாவது ஃபோல்டரில், கொண்டுபோய்ப் போடும். அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அன்று நாற்பது துண்டுகள். அலுவலகத்தில் எல்லோரையும் வரிசையாக வரவழைத்து, எது யாருடையது என்று அடையாளம் காட்டச் சொன்னேன். பட்டியில் அடைத்த மாட்டை மீட்க வந்தவர்கள் போலத் திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். “இது என்னோட லெட்டர்தாங்க சார், கீழ இப்படி வளச்சுக் கையெழுத்துப் போடறது நான் ஒருத்தன்தான்” என்று ஒருவர் கண்டுபிடித்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அதிகாரி என்னைப் பாராட்டினார். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை துண்டுகள் முந்நூறு. அதற்கடுத்த திங்கட்கிழமை எண்ணுவதை நிறுத்திவிட்டோம். ‘ஆம்’ என்ற எழுத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை அதிகாரி தாமே துப்பறிந்து ஒரு முடிவுக்கு வந்தார். கெட்டுப்போன கோப்புகளில் பெரும்பாலானவை கலைச்செல்வியின் அடைவில் இருந்தவை. கலைச்செல்வி எங்கள் கணினி இயக்குபவர், ஒப்பந்தப் பணி, தினமும் குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். “மத்தவங்க ஃபைலெல்லாம் நல்லாருக்கு. இந்தப் பொண்ணோடது மட்டும் ஏன் போவுது?” என்று அதிகாரி கேட்டார். கேட்கும்போது அது பதிலைப் போலவே ஒலித்தது.

உண்மையில் அதற்கு ஒரு பதில் உண்டு, மிக எளிய பதில். ஃபைல் சிஸ்டம் கெடும்போது அந்த நேரத்தில் யார் எழுதிக்கொண்டிருக்கிறாரோ அவருடைய கோப்புதான் முதலில் அடிபடும். எங்கள் அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை சர்வரில் எழுதியவர் அந்தப் பெண் ஒருவர்தான். மற்றவர்களின் கோப்புகள் பத்திரமாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் அவற்றைத் தொடவே இல்லை.

அப்போது இது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால், அப்படியென்றால் டிஸ்க் ஏன் கெடுகிறது என்பது அடுத்த கேள்வியாக வரும். அந்தக் கேள்வி என் மேஜைக்குத்தான் வரும். அதனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே கலைச்செல்விக்குக் குறிப்பாணை போயிற்று. கோப்புகளை அழித்தது ஒரு குற்றம். வெள்ளிக்கிழமைதோறும் சர்வரைத் தன்னிச்சையாக ரீஸ்டார்ட் செய்தது இன்னொரு குற்றம். ஒப்பந்தத்தை ஏன் முடித்துக்கொள்ளக் கூடாது என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அதே மூன்று நாளுக்குள் தொழில்நுட்ப அறிக்கை தர வேண்டும் என்று எனக்கும் ஓர் உத்தரவு.

கலைச்செல்வி அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அழவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“நான் எதையும் அழிக்கலைங்க சார். வெள்ளிக்கெழம காலைல வந்தா அது தொங்கிட்டு நிக்கும். நீங்க செவுத்துல ஒட்டி வெச்சிருக்கீங்கள்ல, தொங்கினா மொத வேலையா ரீஸ்டார்ட் பண்ணுன்னு. அதைத்தான் பண்ணேன். எதாவது கேட்டா ‘ஆமா’ன்னு குடுக்கணும்னும் அதுலதான் போட்டிருக்கு.”

சுவரைப் பார்த்தேன். போட்டிருந்தது. கீழே என் கையெழுத்து.

“வெள்ளிக்கிழமை மட்டும்தான் தொங்குதா?”

“ஆமாங்க சார். அப்பவே உங்ககிட்ட சொன்னேனே.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘மெஷின்னா அப்படித்தாம்மா இருக்கும்’னீங்க.”

என் முப்பது வருட அனுபவத்தின் சாரம் அது.

பதினொன்றாம் விதியை முதல் வரியிலிருந்து தொடங்கினேன். சர்வரைப் பயன்பாட்டிலிருந்து எடுத்தேன். அதிகாரி பின்னால் வந்து நின்றார், இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தது பிரதி. கையில் இருந்த டிஸ்க் எதிலும் இடமில்லை. எங்கள் காப்பு டிஸ்க்கோ வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை தானாக இயங்கி, சர்வரில் உள்ளதை அப்படியே தன்மேல் எழுதிக்கொள்ளும். மூன்று வாரமாக, முழுக் கிராமங்களை அழித்துவிட்டு அரைக் கிராமங்களைக் கவனமாக எழுதிவைத்திருந்தது.

மிச்சம் இருந்தது பதினான்காம் விதி. காப்புப் பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். வேறு கட்டடம் என்றால் எங்களுக்கு அரியலூர் அலுவலகம். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். அரியலூரில் இறங்கியபோது என் தலை கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தது. இந்தத் தூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராக நான் ஒரு போர் தொடுத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அரியலூர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் விக்கிரமங்கலத்துக்காரர். நிதானமான மனிதர். பீரோவைத் திறந்து, துணியில் சுற்றி நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்த ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு பதிவேடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘முத்திரை சிதையாமல் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஒரு முறைகூடத் தவறவில்லை.

“நீங்க சொன்னபடியே வெச்சிருக்கோம் சார். ஒரு ஆளத் தொட விடல.”

“ஒருத்தரையுமா?”

“போன வருஷம் ஒருத்தரு பெரம்பலூர்லேந்து வந்தாருங்க. காப்பி ஏத்தணும், முத்திரைய ஒடைங்கன்னாரு. ஒடைக்க ஆர்டர் இருக்கான்னு கேட்டேன். இல்லன்னாரு. டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.”

அந்த ஒருவரை அனுப்பியவன் நான். திரும்பி வந்து, “முடிஞ்சுதுங்க சார்” என்று அவர் சொன்னதும் சரிபார்ப்புக் கட்டத்தில் டிக் போட்டவனும் நான். முடிந்தது டீ என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அங்கேயே முத்திரையை உடைத்துப் பார்த்தோம். டிஸ்க் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. ஒரு எழுத்துகூட எழுதப்படாத, மிகவும் பத்திரமான காப்புப் பிரதி.

திரும்பி வரும்போது பாதி வழியில்தான் உறைத்தது. எனக்கு இப்போது வேண்டியதே வெற்று டிஸ்க் ஒன்று. விக்கிரமங்கலத்துக்காரர் மட்டும் கொஞ்சம் அலட்சியமாக இருந்திருந்தால் அதில் யாராவது எதையாவது எழுதித் தொலைத்திருப்பார்கள். விதியைப் புரிந்துகொள்ளாமல் கடைப்பிடித்ததால் நன்மை விளைந்ததை என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

புதன்கிழமை காலை பிரதி தயாராக இருந்தது. அதன்மேல்தான் வேலை செய்தேன், மூலத்தைத் தொடவில்லை. முதலில் தேடியது சர்வரின் நாட்குறிப்பை. எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று சர்வர் தானே எழுதிவைக்கும். அதுவும் அதே டிஸ்க்குகளில்தான் இருந்தது. மூன்று திங்கட்கிழமைகள் நான் சொன்ன ‘ஆம்’களில் அதுவும் எண்ணிட்ட துண்டுகளாகிப் போயிருந்தது. ஒரே சாட்சியை நானே தீர்த்துக்கட்டியிருந்தேன். முதலில் பிரதி எடு என்று விதி சொல்வது இதற்காகத்தான். எழுதும்போது எனக்கு அது ஒரு வரி. அன்றுதான் பொருள் தெரிந்தது.

வேறு வழி தேடினேன். அரியலூரில் ஸ்கேன் ஆகும் படங்கள் கால் மணிக்கு ஒருமுறை தானாக எங்கள் சர்வருக்கு வந்து சேரும். மனிதக் கை படாதவை. ஒவ்வொன்றிலும் வந்த நேரம் இருக்கும். ஒவ்வொரு வாரமாக அவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லா வாரமும் ஒரே கதை. வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு வந்த படம் முழுசாக இருந்தது. ஒன்பதரைக்கு வந்தது கிழிந்திருந்தது. மூன்று வெள்ளியிலும் அந்தக் கால் மணிக்குள்தான் ஏதோ நடந்திருந்தது.

வருகைப் பதிவு இயந்திரத்தைப் பார்த்தேன். குரும்பலூர் பஸ் எந்த வெள்ளிக்கிழமையும் ஒன்பதே முக்காலுக்கு முன்பு கலைச்செல்வியைக் கொண்டுவந்து இறக்கியதில்லை. அவர் உள்ளே நுழையும்போது விபத்து நடந்து முடிந்திருந்தது. அவர் செய்ததெல்லாம், விழுந்து கிடந்ததை என் சுவரொட்டியின்படி தூக்கி நிறுத்தியதுதான்.

அப்படியானால் ஒன்பதேகால் மணிக்குக் கட்டடத்தில் யார் இருந்தார்கள்? கணினியில் எந்தப் பதிவும் மிஞ்சவில்லை. காகிதத்தில் ஒன்று இருந்தது.

இங்கேதான் தூசி வருகிறது. அரியலூர்த் தூசி கோப்புகளோடும் ஆட்களோடும் எங்கள் அலுவலகத்துக்கும் வரும். அதை ஒழிக்க நான் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தேன். பதினான்கு பத்திகள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் கணினிகளையும் துடைக்க வேண்டும். தூசிப் பதிவேடு வைக்க வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த பணி, கையெழுத்து. அதன் கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து. மேற்பார்வையாளர் நான்.

துப்புரவுப் பணியாளர் அஞ்சலை அந்தப் பதிவேட்டை வைத்திருந்த அழகை நீங்கள் பார்க்க வேண்டும். கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். பழைய சர்வர் இருந்த காலத்தில் எல்லா வெள்ளியும் ‘துடைத்தேன்’ என்று ஒரே சொல். புது சர்வர் வந்த பிறகு, முதல் இரண்டு வெள்ளி ‘பெட்டியில் ஆள் வேலை செய்கிறார், துடைக்கவில்லை’. மூன்றாவது வெள்ளி, நேரம் ஒன்பது இருபது: ‘புது பெட்டி. நாலு டிராயரும் கழட்டி துடைத்தேன்.’ அதற்கடுத்த வெள்ளி: ‘நாலு டிராயரும் கழட்டி துடைத்தேன்.’ அதற்கடுத்த வெள்ளியும் அதுவே.

ஒவ்வொன்றுக்கும் கீழே, பச்சை மையில், ‘மேற்பார்வையிட்டேன்’. என் சுருக்கொப்பம். தேதியோடு.

சுற்றறிக்கையை எடுத்து ஆறாம் பத்தியைப் படித்தேன். ‘கழற்றக்கூடிய பாகங்கள் அனைத்தையும் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, அதே வரிசையில் மீண்டும் பொருத்த வேண்டும்.’ விசைப்பலகைகளையும் மின்விசிறி வலைகளையும் மனதில் வைத்து எழுதியது. மனதில் வைத்ததை நான் எழுதவில்லை. எழுதியதை அவர் செய்திருந்தார்.

அஞ்சலையை அழைத்தேன். சர்வர் அணைந்திருந்தது.

“அஞ்சலைம்மா, இத எப்படித் தொடைப்பீங்கன்னு கொஞ்சம் செஞ்சு காட்டுங்க.”

ஒரு நாளிதழை விரித்தார். முதல் தட்டின் கைப்பிடியை இழுத்து உருவினார், நான்கு பக்கமும் துடைத்தார், அதன் இடத்தில் செருகிக் கைப்பிடியை அழுத்தினார். ‘டக்’ என்று சத்தம் கேட்ட பிறகே இரண்டாவதைத் தொட்டார்.

“ஒண்ணத் தொடச்சு மாட்டிட்டுத்தான் சார் அடுத்தது. நாலையும் ஒண்ணாக் கழட்டுனா வரிசை மாறிப்போவும்ல. நீங்கதான் எழுதியிருக்கீங்க, அதே வரிசைன்னு.”

முதல் டிஸ்க் வெளியே போய் வந்ததும், அதை மறுபடி எழுதி நிரப்பும் வேலையைச் சர்வர் தொடங்கும். அதற்கு மணிக்கணக்காகும். ஒரு நிமிடத்தில் இரண்டாவதும் போய்விடும். பிறகு மூன்றாவது, நான்காவது. வாய்ப்பே இல்லை என்று கம்பெனி ஆள் சொன்னது வாரம் ஒருமுறை, பதிவேட்டில் ஏற்றி, என் கையெழுத்தோடு நடந்துகொண்டிருந்தது. இதே வேலையை அலட்சியமான ஒருவர் செய்து, தட்டுகளை வரிசை மாற்றிச் செருகியிருந்தால் சர்வர் முதல் வெள்ளியே எழுந்திருக்காது. எங்களுக்கும் அன்றே காரணம் தெரிந்திருக்கும். அஞ்சலையின் ஒழுங்குதான் அதை அரைகுறை உயிரோடு வைத்து எங்களை ஏமாற்றியது.

“தொடைக்கும்போது லைட்டு ஏதாவது மாறுமா?”

“பச்சை ஆரஞ்சாவுங்க. நீங்க கையெழுத்துப் போட வந்தப்பக்கூட ஆரஞ்சாத்தான் எரிஞ்சுது.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “நான் என்ன சொன்னேன்?”

“‘பளிச்சுனு இருக்கு’ன்னீங்க.”

அதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “இதாலதான் அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுத்திருக்கா சார்? அப்ப எம்பேர எழுதிக்குங்க. அது படிச்ச புள்ள, அது பேர்ல ஒண்ணு விழுந்தா கடசி வரைக்கும் கூடவே வரும். எனக்கென்ன, வேற எடத்துல போயிக் கூட்டுவேன்.”

வியாழக்கிழமை காலை அறிக்கையோடு அதிகாரியிடம் போனேன். தொழில்நுட்பப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, “பேரு எங்க சார்? ஹெட் ஆபீஸ் ஒரு பேரு கேக்கும். கலைச்செல்வி இல்லன்னா அஞ்சலை. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

“ஏழாவது பத்தியில இருக்கு சார்.”

படித்தார். என் பெயர், என் சுற்றறிக்கையின் ஆறாம் பத்தி, என் சுவரொட்டி, என் மூன்று பச்சைக் கையெழுத்துகளின் நகல். நிமிர்ந்தார்.

“உங்க பேரப் போட்டா உங்க மேல டெக்னிக்கல் ரிப்போர்ட்டு யாரு எழுதுவா? நீங்கதானே எழுதணும்?”

“ஆமாங்க சார். விதி அப்படித்தான்.”

இதில் வீரம் எதையும் தேட வேண்டாம். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. ஒப்பந்தப் பணியாளர் ஒருவரை நீக்க ஒரு தாள் போதும். என்னைப் போன்றவனை நீக்க ஓர் அலமாரி நிறையத் தாள் வேண்டும், அதை நிரப்ப எட்டு மாதம் போதாது. கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் திங்கட்கிழமை வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. பிழை செய்தது ஆறாம் பத்தியில். அதைவிட மோசமானதைச் செய்தது கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது.

ஒன்று மட்டும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன். குறிப்பாணைக்கான விளக்கம் மேலிடத்தின் பரிசீலனையில் இருக்கும்வரை சம்பந்தப்பட்டவரின் பணிநிலையை மாற்றக் கூடாது என்று ஒரு விதி உண்டு. யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். கலைச்செல்வியின் விளக்கத்தையும் என் அறிக்கையையும் ஒரே கடிதத்தில் கோத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒன்றை முடிக்காமல் மற்றதை முடிக்க முடியாது. பதில் வரும்வரை அவர் வேலையில் இருப்பார். எங்கள் தலைமை அலுவலகத்தின் வேகத்தில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

சர்வரைப் பிரதியிலிருந்து மெதுவாக மீட்டோம், இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் சொல்லி. தா.பழூர் பக்கத்துக் கிராமத்தின் மறுபாதி எண்ணிட்ட துண்டுகளுக்கு நடுவே கிடந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர் மறுபடி தொடங்கியது. தட்டுகளின் மேல் ‘இவை கழற்றக்கூடியவை அல்ல’ என்று எழுதி ஒட்டினோம். அது பொய். ஆனாலும் அந்த அலுவலகத்தில் நான் எழுதியவற்றிலேயே மிகவும் பயனுள்ள வாக்கியம் அதுதான்.

நாலைந்து மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அது பதில் இல்லை, கேள்வி. தாங்கள் குறிப்பிடும் தட்டுகள் நான்கும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளனவா? ஏற்றப்பட்டுள்ளன என்று எழுதினேன். பிறகு மௌனம். நான் ஓய்வு பெற்றேன். கலைச்செல்வி அதே நாற்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸில் போகவர படித்து, போட்டித் தேர்வு எழுதி, தேறி, நிரந்தரப் பணிக்குப் போனார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது, அவர் தொலைபேசியில் கூப்பிடும்வரை.

“சார், கலைச்செல்வி பேசறேங்க. ஹெட் ஆபீஸ்லேந்து.”

பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

“நம்ம ஃபைலு எங்க செக்ஷன்லதான் சார் இருக்கு. அலமாரிக்கு ஒரு கால் ஆடுதுன்னு அடில முட்டுக் குடுத்திருந்தாங்க. எனக்கு வேலை கெடச்சுருச்சு, இனிமே அது என்ன ஆனா என்னன்னு வுட்டுடலாம். ஆனா அந்தப் பேப்பர்ல நான் இன்னும் அழிச்சவளாவே கெடக்கேன்.”

தன்னைப் பற்றிய கோப்பைத் தானே கையாளக் கூடாது என்று ஒரு விதி இருப்பதை நினைவூட்டினேன். ஓய்வு பெற்றாலும் வாய் சும்மா இருப்பதில்லை.

“தெரியுங்க சார். அதான் பக்கத்து சீட்டு அக்காகிட்ட குடுத்துட்டேன். அலமாரிக்கு மட்டும் வேற ஒண்ணு முட்டுக் குடுத்துட்டேன்.”

“எது?”

“உங்க தூசி சர்க்குலருங்க. பதினாலு பத்தி இருந்துச்சுல்ல, கனம் சரியா இருக்கு.”

பக்கத்து சீட்டு அக்கா நான்கே நாளில் முடித்துவிட்டார். கடிதத்தில் இரண்டு பத்திகள். முதல் பத்தி: கலைச்செல்வி எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை என்பது தெளிவாவதால் அவருக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணை கைவிடப்படுகிறது. இரண்டாம் பத்தி எனக்கு: ஓய்வு பெற்ற அலுவலர் இனிவரும் காலங்களில் படித்துப் பார்த்த பின் கையெழுத்திடுமாறு அறிவுறுத்தப்படுகிறார்.

அறிவுரை எழுதப்பட்டிருந்தது உறைக்கு உள்ளே, உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. ஆனாலும், தபால்காரர் பதிவுத் தபாலுக்கான சீட்டை நீட்டியபோது அதிலிருந்த ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துக் காட்டினார். அவர் வந்தபோது வீட்டில் டிவி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், எதையும் கழற்றாமல். அன்று தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை.